சக்கரமும் தாளமும்: ஸ்கேட்டிங் தளத்தில் ஹிப் ஹாப்

தமிழ்நாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் என்றால் பந்தயம்தான் நினைவுக்கு வரும். 2025-இல் சீனாவில் நடந்த உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டியில் ஆனந்த்குமார் வேல்குமார் தங்கம் வென்றபின் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடமோ அதே சக்கரக் காலணி வேறொரு கலையாக வளர்ந்திருக்கிறது. அங்கே ஒருவரை ஒருவர் முந்துவது நோக்கமல்ல. ஒலிபெருக்கியில் ஹிப் ஹாப் ஒலிக்க, இருபது வயதினரும் அறுபது வயதினரும் ஒரே திசையில் சுற்றிவந்து ஆடுகிறார்கள்.

அந்த ஆட்டத்தில் இத்தனை இன்பம் எங்கிருந்து வருகிறது? இதற்கு மூன்று விதமான விடைகள் சொல்லப்படுகின்றன. அது உடலுக்கும் தாளத்துக்கும் உள்ள இயல்பான பொருத்தம் என்பது முதலாவது. காலத்துக்குக் காலம் வந்துபோகும் நாகரிக மோகம் என்பது இரண்டாவது. ஒரு மக்கள் கூட்டம் போராடிப் பெற்றுக் காப்பாற்றிய பண்பாடு என்பது மூன்றாவது. முதல் விடையில் உண்மை உண்டு, ஆனால் அது பாதி உண்மை. இரண்டாவது மேலோட்டமானது. மூன்றாவதைத் தெரிந்துகொள்ளாமல் மற்ற இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

காலணியும் தளமும்

இன்றைய நான்கு சக்கரக் காலணிக்கு அடிப்படை 1863-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன் பெற்ற காப்புரிமை. அதற்கு முன்பிருந்த காலணிகள் நேராக மட்டுமே ஓடின. திரும்புவதற்குக் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. பிளிம்ப்டன் சக்கர அச்சுக்கும் காலணித் தட்டுக்கும் நடுவே ரப்பர் வைத்தார். உடலைச் சாய்த்தாலே சக்கரங்கள் அந்தப் பக்கம் வளையும் வசதி இதனால் வந்தது. ஸ்கேட்டிங்கில் நடனம் பிறந்தது இந்த இடத்தில்தான். இடுப்பைச் சற்றுச் சாய்த்தால் பாதை வளைகிறது, தோளைத் திருப்பினால் உடல் சுழல்கிறது.

1970-களில் பாலியூரிதேன் சக்கரம் பரவியது. உலோகச் சக்கரமும் மரச் சக்கரமும் எழுப்பிய இரைச்சல் அடங்கி, பிடிமானம் கூடியது. தளத்துக்குள் ஆடுபவர்கள் கடினமான சக்கரத்தையும், தெருவில் ஓட்டுபவர்கள் மென்மையான சக்கரத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள். கறுப்பின நடன ஸ்கேட்டர்களில் பலர் இன்னும் ஒரு படி போனார்கள். அளவில் சிறிய, வழுக்கும் தன்மை மிகுந்த சக்கரங்களைப் பொருத்திக்கொண்டார்கள். காலணியின் முன்நுனியில் இருக்கும் ரப்பர் நிறுத்தியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைச் சிறு அடைப்பானால் மூடினார்கள். நிற்பதற்கு நிறுத்தி தேவைப்படாத அளவுக்குக் கால் பழகியவர்களின் காலணி அது. பாதத்தைப் பக்கவாட்டில் இழுத்துச் சறுக்கவும், நுனியில் நின்று சுழலவும் அது இடம் தரும்.

தளம் பெரும்பாலும் மேப்பிள் மரப் பலகையால் ஆனது. வழக்கமாக எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள். வேகமாகப் போகிறவர்களுக்கு ஒரு பாதை, நிதானமாக ஆடுகிறவர்களுக்கு ஒரு பாதை, நடுவில் நுணுக்கமான கால்வேலை செய்பவர்களுக்கு ஓர் இடம். எல்லாவற்றையும் நடத்துபவர், பாட்டுகளைத் தேர்ந்து ஒலிக்கவிடும் டி.ஜே. அடுத்த பாட்டு ஜோடிகளுக்கு மட்டும், அதற்கடுத்தது மூவர் கோத்து ஆடுவதற்கு, பிறகு எல்லோரும் தளத்துக்கு வரலாம் என்று மைக்கில் அறிவிப்பார். கூட்டத்தின் மூச்சைப் பார்த்துப் பாட்டின் வேகத்தை ஏற்றி இறக்குவார்.

கதவடைப்பும் தனி இரவும்

இந்தத் தளங்கள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க ஸ்கேட்டிங் அரங்குகள் பலவற்றில் கறுப்பினத்தவர் நுழைய முடியவில்லை. தெற்கு மாநிலங்களில் சட்டமே தடுத்தது. வடக்கில் 'இது உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்' என்பது போன்ற சாக்குகள் தடுத்தன. சிகாகோவின் ஒயிட் சிட்டி ஸ்கேட்டிங் அரங்கை எதிர்த்து 1940-களில் 'கோர்' என்ற இனச் சமத்துவ அமைப்பு நடத்திய மறியல், அமெரிக்கக் குடிமையுரிமைப் போராட்டத்தின் தொடக்கக் களங்களில் ஒன்று. பேருந்து இருக்கைக்கும் உணவகத்துக்கும் நடந்த போராட்டங்களை உலகம் அறியும். சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு நான்கு சுற்று சுற்றிவரும் உரிமைக்கும் போராட வேண்டியிருந்தது என்பதைப் பலர் அறிவதில்லை.

1963 ஆகஸ்டில் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணிக்கு, லெட்ஜர் ஸ்மித் என்ற சிகாகோ ஸ்கேட்டர் ரோலர் ஸ்கேட்டிலேயே போய்ச் சேர்ந்தார். சுமார் 1,100 கிலோமீட்டர் தூரம், பத்து நாள் பயணம். விடுதலை என்று எழுதிய பட்டையை மார்பில் அணிந்திருந்தார். விளையாட்டுப் பொருள் ஒன்று அரசியல் கருவியானதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1964-இன் குடிமையுரிமைச் சட்டம் பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கியது. நடைமுறை அவ்வளவு விரைவில் மாறவில்லை. வாரத்தில் ஒரே ஓர் இரவு, அதுவும் கூட்டம் வராத கிழமையில், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கும் வழக்கம் பல அரங்குகளில் நிலைத்தது. அந்த இரவுகளுக்கு 'சோல் நைட்', 'அடல்ட் நைட்', 'மார்ட்டின் லூதர் கிங் நைட்' என்று பெயர்கள் வந்தன. ஒதுக்கி வைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட அந்தச் சில மணி நேரத்தைத்தான் கறுப்பின ஸ்கேட்டர்கள் தங்கள் கலைக்கூடமாக மாற்றிக்கொண்டார்கள். மற்ற நாட்களில் ஆர்கன் இசையும் பாப் பாட்டும் ஒலித்த தளத்தில், அந்த இரவுகளில் சோல், ஃபங்க் இசை வகைகளும், பிறகு ஹிப் ஹாப்பும் ஒலித்தன.

இரு கலைகளின் சந்திப்பு

ஹிப் ஹாப்பின் பிறந்த நாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்தில், டி.ஜே. கூல் ஹெர்க் ஃபங்க் இசைத்தட்டுகளின் தாளப் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து நீட்டி இசைத்தார். ஆடுபவர்கள் எந்தப் பகுதிக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து அவர் செய்த வேலை அது. ஆடுபவரின் காலைப் பார்த்து இசையை அமைப்பது தொடக்கத்திலிருந்தே ஹிப் ஹாப்பின் இயல்பு.

அதே ஊரில், புரூக்ளினின் எம்பயர் அரங்கில் பில் பட்லர் என்ற ஸ்கேட்டர் 1950-களின் இறுதியிலிருந்தே வேறொரு புரட்சியைத் தொடங்கியிருந்தார். ஆர்கன் இசைக்கு ஒழுங்காகச் சுற்றிய தளத்தில் ஜாஸ், சோல் தாளங்களுக்கு உடலைத் தளர்த்தி ஆடும் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு 'ஜாமிங்' என்று பெயர். பின்னாளில் ரோலர் டிஸ்கோவின் தந்தை என்று அவர் போற்றப்பட்டார்.

1979-இல் இரண்டு ஓடைகளும் கலந்தன. அந்த ஆண்டு ஷிக் இசைக்குழுவின் 'குட் டைம்ஸ்' வெளியானது. களிப்பின் அடையாளங்களாக அந்தப் பாட்டு அடுக்கும் பொருள்களில் ரோலர் ஸ்கேட்டும் ஒன்று. அதே பாட்டின் பேஸ் கிடார் வரிசையை எடுத்துத்தான், பெரும் வெற்றி பெற்ற முதல் ராப் பாடலான 'ராப்பர்ஸ் டிலைட்' அந்த ஆண்டே உருவானது. ஸ்கேட்டிங் தளத்துக்கென்றே வான் மேசன் குழு வெளியிட்ட 'பவுன்ஸ், ராக், ஸ்கேட், ரோல்' பாட்டும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். 1991-இல் டி லா சோல் குழு, சனிக்கிழமை ஸ்கேட்டிங்கையே பொருளாக்கி ஒரு ராப் பாடல் வெளியிட்டது.

தளமும் ஹிப் ஹாப்புக்குத் தாய்வீடானது. மன்ஹாட்டனின் ராக்சி ஸ்கேட்டிங் அரங்காகத் திறக்கப்பட்ட இடம். 1982-இல் கூல் லேடி புளூ என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் அங்கே வெள்ளிக்கிழமை இரவுகளில் ஹிப் ஹாப் நடத்தத் தொடங்கினார். பிராங்க்ஸ் தெருக்களின் பிரேக் நடனமும் டி.ஜே. கலையும் நகரின் நடுப்பகுதிக்கு அறிமுகமான முக்கிய இடங்களில் ஒன்றாக அது ஆனது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே காம்ப்டனில் 1984-இல் திறந்த ஸ்கேட்லேண்ட் அரங்கில் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழு தன் ஆரம்பகால நிகழ்ச்சிகளை நடத்தியது. வானொலி நிலையங்களும் பெரிய அரங்குகளும் ராப் கலைஞர்களை ஏற்கத் தயங்கிய காலத்தில், நல்ல ஒலிபெருக்கியும் அகன்ற தளமும் காத்திருக்கும் இளைஞர் கூட்டமும் ஸ்கேட்டிங் அரங்கில் இருந்தன. ஆகவே ஹிப் ஹாப் ஸ்கேட்டிங்குக்குப் பின்னால் சேர்த்துக்கொண்ட பக்க இசை அல்ல. இரண்டும் ஒரே தளத்தில் ஒன்றையொன்று வளர்த்தவை.

தாளக் கணக்கு

இனி முதல் விடைக்கு வருவோம். ஹிப் ஹாப்பின் காலப்பிரமாணம் ஸ்கேட்டரின் காலுக்கு ஏன் பொருந்துகிறது?

1990-களின் ஹிப் ஹாப் பாடல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 85 முதல் 100 அடிகள் வரையிலான வேகத்தில் அமைந்தவை. நிமிடத்துக்கு 90 அடி என்று வைத்துக்கொண்டால், ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 0.67 விநாடி. ஸ்கேட்டர் ஓர் அடியில் காலால் தள்ளுகிறார், அடுத்த அடி முழுக்க மிதந்து செல்கிறார். நடப்பவருக்கு இந்த வேகம் மந்தமாகத் தோன்றும். சக்கரத்தில் நிற்பவருக்கோ, தள்ளிய விசை அடங்கும் நேரத்தில் அடுத்த தள்ளலுக்கான அடி வந்து நிற்கும். டிஸ்கோ நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டி ஓடும்; அதில் மிதப்பதற்குக் கிடைக்கும் நேரம் அரை விநாடிதான். டிஸ்கோ காலை விரட்டுகிறது. ஹிப் ஹாப் அதற்கு அவகாசம் தருகிறது.

நான்கு அடித் தாளத்தில் இரண்டாவது, நான்காவது அடிகளில் ஸ்னேர் டிரம் அறைந்து விழும். பழகிய ஸ்கேட்டர் உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவது அந்த அறையில்தான். வளைவில் ஒரு காலுக்குக் குறுக்கே மறுகாலை வைக்கும்போது, பாதம் தளத்தைத் தொடும் கணமும் ஸ்னேர் விழும் கணமும் ஒன்றாக இருக்கும். முழங்கால் ஒரு சிறு மடிப்பு மடிந்து நிமிரும். பேஸ் ஒலியின் அதிர்வு காதுக்கு மட்டும் போவதில்லை, நெஞ்சிலும் உறைக்கும்.

இதற்கு மேல் ராப் சொற்கள் இருக்கின்றன. பரதநாட்டியத்தில் நட்டுவனாரின் சொற்கட்டுக்குக் கால் பதில் சொல்வதுபோல, இங்கே சொல்லின் துரித நடைக்குத் தோளும் கையும் விரலும் பதில் சொல்கின்றன. கால் அடியைப் பிடித்துக்கொள்ள, மேலுடல் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே பாட்டுக்கு இருவர் இருவிதமாக ஆடுவதும், இருவருமே தாளத்தில் இருப்பதும் இதனால்தான்.

ஊருக்கொரு பாணி

இந்தத் தாளப் பொருத்தம் மட்டுமே காரணமென்றால் எல்லா ஊரிலும் ஆட்டம் ஒன்றுபோல இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை.

சிகாகோவில் 'ஜே.பி.' என்றொரு பாணி. பெயரே பாடகர் ஜேம்ஸ் பிரவுனிடமிருந்து வந்தது. அவருடைய ஃபங்க் பாடல்களைக் கூடுதல் தாளத்தோடு மறுகலவை செய்து டி.ஜே.க்கள் இசைக்க, நொடிக்குள் பலமுறை மாறும் நுணுக்கமான கால்வேலை நடக்கும். பிலடெல்பியாவில் மின்னல் வேகத்தில் பின்னோக்கிச் செல்வது சிறப்பு. லாஸ் ஏஞ்சலிஸில் ஓடிவந்து பாதத்தை விரித்துச் சறுக்கி நிற்பது கலை. நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து ரயில்போல நீள்வதும், மூவர் கோத்து ஒரே அசைவாகச் செல்வதும் வழக்கம். டெக்சாஸில் நிதானமாக அடி வைத்து நடக்கும் 'ஸ்லோ வாக்' உண்டு.

பல ஊர்க்காரர்கள் கூடும் தேசிய ஸ்கேட்டிங் விழாக்களில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். ஒரு நகரத்தின் பாட்டு தொடங்கியதும் அந்த ஊர்க்காரர்கள் தளத்தை எடுத்துக்கொள்ள, மற்றவர்கள் ஓரம் நின்று உற்சாகப்படுத்துவார்கள். யாரும் பள்ளிக்கூடத்தில் படித்து இதைக் கற்கவில்லை. தந்தை மகளுக்கும், மூத்தவர் இளையவருக்கும் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்துத் தலைமுறை கடந்து வந்த வித்தை இது. 2006-இல் வெளியான 'ஏ.டி.எல்.' திரைப்படம் அட்லாண்டாவின் ஸ்கேட்டிங் அரங்கைச் சுற்றி வளரும் இளைஞர்களின் வாழ்வைக் காட்டியது. ராப் கலைஞர் டி.ஐ. அதில் கதாநாயகன்.

உடலும் கூட்டமும்

தாளப் பொருத்தம் மட்டும் போதாது என்பதற்கு உடலியல் ஆய்வுகளும் வலுச்சேர்க்கின்றன. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராஜியோர்கிஸ் இசைக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள உறவை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அடியோடு ஒத்து இயங்கும்போது உடல் கூடுதல் நேரம் தாங்குகிறது என்பதையும், அதே உழைப்பில் மனம் களிப்படைகிறது என்பதையும் அவருடைய குழு காட்டியது. தனியாக இயர்போன் மாட்டிக்கொண்டு ஓடுபவருக்கும் இது பொருந்தும்.

ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். 2010-இல் வெளியான ஆய்வில், தனியாகத் துடுப்புப் பயிற்சி செய்தபோது இருந்ததைவிட, குழுவாக ஒத்திசைந்து செய்தபின் வீரர்களின் வலி தாங்கும் திறன் அதிகமாக இருந்தது. எண்டார்ஃபின் சுரப்புக்கு இதை ஓர் அறிகுறியாகக் கொள்கிறார்கள். 2015-இல் நடனத்தை வைத்துச் செய்த ஆய்விலும், உழைப்பும் ஒத்திசைவும் தனித்தனியாக வலி தாங்கும் திறனையும் குழு நெருக்கத்தையும் கூட்டின. ஸ்கேட்டிங் தளத்தில் இரண்டும் ஒருங்கே கிடைக்கின்றன. உடல் உழைக்கிறது, நூறு பேர் ஒரே அடியில் அசைகிறார்கள். பாட்டும் சக்கரமும் தனியாளுக்குத் தருவது ஓர் இன்பம். கூட்டம் தருவது அதைவிடப் பெரியது.

தடைகளும் இழப்பும்

அந்தக் கூட்டம்தான் தொடர்ந்து கலைக்கப்பட்டுவருகிறது. ராப் இசைக்கு இடமில்லை, சிறிய சக்கரங்களுக்கு அனுமதியில்லை என்ற விதிகள் பல அரங்குகளில் வந்தன. காகிதத்தில் இனம் பற்றி ஒரு சொல்லும் இராது. அந்த இசையும் அந்தச் சக்கரமும் யாருடையவை என்பது எல்லோருக்கும் தெரியும். 2018-இல் வெளிவந்த 'யுனைடெட் ஸ்கேட்ஸ்' ஆவணப்படம் இதையும், கறுப்பினத்தவரின் அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதையும் பதிவுசெய்தது.

ராப் வரிகளில் வன்முறையும் ஆபாசமும் இருக்கின்றன, குடும்பங்கள் வரும் இடத்தில் அது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தீர்வு தளத்திலேயே உண்டு. குழந்தைகள் இருக்கும் நேரத்தில் வானொலிக்கென்று திருத்திய பதிப்புகளை டி.ஜே.க்கள் இசைக்கலாம். ஓர் இசை வகையை முழுதாகத் தடை செய்வது அந்தக் கேள்விக்கு விடையாகாது. அது ஆட்களைத் தடுப்பதற்கான வழி.

அரங்குகளும் ஒவ்வொன்றாகப் போயின. காம்ப்டனின் ஸ்கேட்லேண்ட் 1988-இல் மூடப்பட்டது. 1941 முதல் இயங்கிவந்த, பில் பட்லர் ஆடிய எம்பயர் அரங்கு 2007-இல் மூடப்பட்டது. அகன்ற தரைதான் இந்த அரங்குகளின் உயிர். நகரத்தில் நிலவிலை ஏறும்போது அந்த அகலமே எமனாகிறது. அதே இடத்தில் கடை கட்டினால் பலமடங்கு வருமானம் வரும்.

2020-இல் கொரோனா முடக்கத்தின்போது ஸ்கேட்டிங் திடீரென்று உலகெங்கும் பரவியது. பெர்லினின் டெம்பல்ஹோஃப் திடலில் செனகலில் பிறந்த ஊமி ஜான்டா ஆடிய காணொளிகளை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். ஸ்கேட்டிங் திரும்பி வந்துவிட்டது என்று ஊடகங்கள் எழுதின. எங்களிடமிருந்து அது எப்போது போயிற்று என்று கறுப்பின ஸ்கேட்டர்கள் கேட்டார்கள். நாகரிக மோகம் என்ற இரண்டாவது விடை இந்தக் கேள்வியின் முன் நிற்காது. அலை வரும்போது மட்டும் பார்ப்பவருக்கே அது மோகமாகத் தெரிகிறது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி இடைவேளை நிகழ்ச்சியில் பாடகர் அஷர் சக்கரக் காலணியோடு ஆடியபோது, அட்லாண்டா தளங்களின் மரபுதான் அத்தனை பெரிய மேடைக்கு வந்தது.

முடிபு

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. தாளத்தின் வேகம் சக்கரத்துக்குப் பொருந்துவது இந்த இன்பத்துக்கு வழி செய்கிறது. பலர் ஒரே அடியில் அசைவது அதை நிறைவாக்குகிறது. அந்தப் பலர் கூடுவதற்கு ஓர் இடம் இருந்ததும், அந்த இடத்தை அவர்கள் போராடிக் காத்ததும்தான் இரண்டையும் சாத்தியமாக்கின. இசையையும் காலணியையும் கடையில் வாங்கலாம். தளத்தைச் சமூகம்தான் தர முடியும்.

காலணி மாட்ட விரும்பும் வாசகருக்குச் சில சொற்கள். முதலில் மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் வாங்குங்கள். இன்லைன் ஸ்கேட்டிங் குறித்து 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, காப்பு அணியாதவர்களுக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு என்று காட்டியது. நிமிடத்துக்கு 90 அடியை ஒட்டிய பாட்டொன்றைத் தேர்ந்து, சக்கரம் இல்லாமல் வெறுங்காலில் நின்று எடையை மாற்றிப் பழகுங்கள். ஸ்னேர் எங்கே விழுகிறது என்று உடலுக்குத் தெரியட்டும். போக்குவரத்து உள்ள இடத்தில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். முடிந்தால் ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைத்து நண்பர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். நம் நகரங்களில் ஸ்கேட்டிங் தளங்களை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பந்தயப் பயிற்சி முடிந்தபின் வாரத்தில் ஒரு மாலை, வயது பாராமல், பாட்டோடு தளத்தைத் திறந்துவிடுங்கள்.